ஒரு வினைச்சொல்லும் மூன்று மைலும்

குற்றாலம்
10-6-1959

ம-ள-ள-ஸ்ரீ ஏசுதாசன், பி.ஏ., எல்.டி. அவர்கள் சமூகத்துக்கு,

தாலுகா ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற குத்தாலிங்கம் எழுதிக்கொண்டது.

இந்தக் கடிதம் ஓர் இங்கிலீஷ் சொல்லைப் பற்றியது மட்டுமே. வேறு எந்த விஷயத்தையும் இதில் குறிப்பிடும் உத்தேசம் எனக்கு இல்லை. என் ஒரே மகன் பால்வண்ணநாதன் இரண்டு வருஷத்துக்கு முன் உங்கள் ஒரே மகள் சுகிர்தத்தை மதராஸில் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டதையோ, அந்தப் பயல் அதற்கு முன் தினமும் சாயந்தரம் இங்கிலீஷ் படிக்கிறேன் என்று உங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தபோது கண்ணாடி போட்ட உங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று நீங்கள் சாதித்ததையோ, அதன் பிறகு உங்கள் வாசலை மிதிப்பதில்லை என்று நான் சத்தியம் செய்ததையோ இங்கே எழுதப்போவதில்லை. அதெல்லாம் முடிந்துபோன சங்கதி.

சொல் இதுதான்: வவுச்சேஃப். வினைச்சொல். உத்தியோகத்தில் இருந்த காலம் முழுவதும் ஊரார் மனுக்களில் நான் எழுதி எழுதித் தேய்ந்த சொல். எழுதியிருக்கிறேனே தவிர, எனக்கு யாரும் எழுதியதில்லை. நிற்க.

ஒரு நபர், தன்னைவிட வயதில் மூத்த இன்னொரு நபருக்கு, ‘எங்கள் இருவருக்கும் தங்கள் ஆசியை வவுச்சேஃப் செய்ய வேண்டுகிறேன்’ என்று இங்கிலீஷில் எழுதுகிறார். இது மரியாதையா, கேலியா? கலெக்டருக்கு எழுதுகிற சொல்லைக் கொண்டுவந்து வீட்டுக் கடிதத்தில் வைத்தால், ‘நீ என்ன பெரிய கலெக்டரோ’ என்று கேட்பது மாதிரி இல்லையா? மூத்த நபருக்கு இதற்கு எப்படிப் பதில் எழுதுவதென்று தெரியவில்லை. தப்பாக எழுதிவிட்டால் எல்லாம் இத்தோடு அற்றுப்போகும் என்று அவர் பயப்படுகிறார்.

இந்தத் தாலுகாவில் உங்களைவிட இங்கிலீஷ் தெரிந்தவர் வேறு யாராவது இருந்தால் அவரிடம் கேட்டிருப்பேன். இல்லாமல் போனது என் துரதிர்ஷ்டம். பதிலுக்குத் தபால்தலை ஒட்டிய உறை இதனுடன் இருக்கிறது.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்
(பழக்க தோஷத்தில் வந்துவிட்டது. இந்த வரியை அடித்துவிடவும்.)
குத்தாலிங்கம்


தென்காசி
12-6-1959

அன்புள்ள குத்தாலிங்கம் அவர்களுக்கு,

உறை கிடைத்தது. மூன்று மைல் தூரத்தில் இருந்துகொண்டு பதில் உறையும் வைத்து அனுப்புகிற மனிதர் இந்த ஜில்லாவிலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருக்கும்.

கேட்டதற்குப் பதில். இந்தச் சொல்லுக்கு அகராதியில் உள்ள பொருள், மேலே இருப்பவர் மனமிரங்கிக் கீழே இருப்பவருக்கு ஒன்றைத் தருவது. தமிழில் அருளுதல் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். கடைக்காரர் புளி கொடுப்பார், அருளமாட்டார். குற்றாலநாதர் அருளலாம். உங்கள் ஊர் மலை ஆனி மாதத்தில் மனசு வைத்தால் தண்ணீர் அருளலாம். இந்த வருஷம் இன்னும் அருளவில்லை என்று பஸ்ஸில் வருகிறவர்கள் சொல்லுகிறார்கள்.

இங்கிலாந்தில் இன்று சந்தைக்குப் போய் வருகிற யாரும் இந்தச் சொல்லை வாயில் வைப்பதில்லை. பழைய கவிதைகளில் கிடக்கிறது. உயிரோடு நடமாடுவது இரண்டே இடத்தில்தான். ஒன்று, எங்கள் ஆலயத்து ஜெபம். இன்னொன்று, உங்கள் தாலுகா ஆபீஸ் மனு. இரண்டிலும் முழங்கால் வலிக்கும்.

இன்னொரு விஷயம், நீங்கள் கேட்காதது. இந்தச் சொல் பிறந்தபோது இரண்டு சொல்லாக இருந்தது. ஒன்று பத்திரமாக இருக்கும் என்று சொல்லி, அதற்குத் தானே பிணை நிற்பது என்று அர்த்தம். பெரிய மனிதர் இரங்கிக் கொடுக்கும் தோரணையெல்லாம் பிற்பாடு ஏறியது. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் அந்தச் சொல் வரும்போது எனக்குப் பழைய அர்த்தம்தான் மனதில் ஓடும். முன்னெல்லாம் சும்மா ஓடும். இந்த இரண்டு வருஷமாக, மதராஸில் இருக்கிற ஒருத்தியை நினைத்துக்கொண்டு ஓடுகிறது.

கேலியா என்றால், இல்லை. கேலி செய்கிறவன் இவ்வளவு தூரம் தேடிப் போகமாட்டான். அந்த நபர் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது, தகப்பனார் வீட்டுக்குக் கொண்டுவரும் மனுக்களுக்கு நல்ல பிரதி எழுதிக் கொடுப்பார் என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்த வார்த்தைகளிலேயே ஆகப் பெரிய மரியாதை அதுதான். கேட்கப் பயமாக இருப்பதை அவர் வேறு எந்தச் சொல்லில் கேட்பார்?

உங்களைப் போல் நானும் ஒரு விஷயத்தைக் குறிப்பிடாமல் விடுகிறேன். தென்காசி பஸ் ஸ்டாண்டில், என்னிடம் படிக்கிற பிள்ளைகள் சுற்றி நிற்க, என்னைப் பார்த்துப் ‘பிள்ளை பிடிக்கிறவன்’ என்று சத்தம் போட்டீர்களே, அது.

ஒரு வேண்டுகோள். ‘எங்கள் இருவருக்கும்’ என்று வருகிறதே, அந்த இருவரில் இரண்டாவது நபர் சுகமாக இருக்கிறாரா? ‘நான் எழுதும்வரை நீ எழுதக்கூடாது’ என்று கோபத்தில் ஒரு கார்டு போட்டிருந்தேன். அவள் சொன்னதைக் கேட்கிற பிள்ளை, எழுதவேயில்லை. எனக்கோ கை வரவில்லை. ஒரு வரி எழுதினால் போதும்.

ஏசுதாசன்


குற்றாலம்
17-6-1959

அன்புள்ள ஏசுதாசன் சாருக்கு,

விளக்கம் திருப்தி. ஆனால் ஜெபத்தையும் மனுவையும் ஒரே தராசில் வைத்ததை ஒப்புக்கொள்வதற்கில்லை. உங்கள் ஆண்டவருக்கு மேலே அப்பீல் கிடையாது. கலெக்டருக்கு மேலே ரெவின்யூ போர்டு இருக்கிறது.

நான் சங்கரன்கோவிலில் இருந்தபோது திருவேங்கடம் கிராமத்துப் பக்கத்திலிருந்து வள்ளித்தாய் என்று ஒரு அம்மாள் வந்தாள். மழை பொய்த்த வருஷம், நிலத்தீர்வை தள்ளுபடி கேட்டு மனு. அப்போது இருந்தவர் வெள்ளைக்கார சப்-கலெக்டர். என் மனுவைப் படித்துவிட்டுச் சிரியோ சிரியென்று சிரித்தார். ‘இது தாலுகா கச்சேரியா, சர்ச்சா?’ என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தீர்வையைத் தள்ளிக் கையெழுத்துப் போட்டார். என் சொல்லுக்காகப் போட்டாரா, அந்த அம்மாள் பேசாமல் நின்ற நிலைக்காகப் போட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து அந்தச் சொல் இல்லாமல் நான் ஒரு மனுவும் எழுதியதில்லை. அதற்குப் பிறகு ஒரு மனுவும் பலித்ததும் இல்லை.

இப்போது நீங்கள் கேட்ட இரண்டாவது நபர். முதல் கடிதத்தில் வாக்கியத்தை நான் முழுதாக எழுதவில்லை. ‘எங்கள் இருவருக்கும், பிறக்கப்போகும் எங்கள் குழந்தைக்கும்’ என்பதுதான் அசல். உங்களுக்குச் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ‘இரண்டாவது நபர் சுகமா’ என்று கேட்டிருந்தீர்களே, அதைப் படித்த பிறகு முடியவில்லை. சுகமாக இருப்பதாகத்தான் எழுதியிருக்கிறான்.

கேலி இல்லை என்று நீங்கள் சொன்ன பிறகு தாமதம் செய்யக்கூடாது என்று அன்றே நடவடிக்கை எடுத்துவிட்டேன். அவன் கடிதத்தின் ஓரத்திலேயே குறிப்பெழுதி, மதராஸுக்குத் திருப்பி அனுப்பியாயிற்று. ‘விவரம் போதாது. மனுதாரர் நேரில் ஆஜராகி, உரிய விவரங்களுடன் மறுபடி சமர்ப்பிக்கவும். திருப்பப்பட்டது.’ தேதி, சுருக்கொப்பம்.

வீட்டில் முத்துவடிவிடம் சொன்னேன். அவளுக்கு ஆபீஸ் நடைமுறை தெரியாது. கரண்டியைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

குத்தாலிங்கம்


தென்காசி
18-6-1959

குத்தாலிங்கம்,

உனக்குப் புத்தி இருக்கிறதா? பெற்ற பிள்ளை ஆசி கேட்டு எழுதினால் திருப்பி அனுப்புகிறவன் உலகத்தில் உண்டா? அவன் என்ன பட்டா மாறுதலுக்கா எழுதினான்?

எனக்குத் தெரியும், உனக்குத் தள்ளுபடி வேறு, திருப்பப்பட்டது வேறு. திருப்பின மனு சாகாத மனு என்று நீ நியாயம் சொல்லுவாய். மதராஸில் அந்தக் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கிறவனுக்கு அது கன்னத்தில் விழுந்த அறை. கூட ஒரு கர்ப்பிணிப் பெண் நின்றுகொண்டிருக்கிறாள் என்பதை யோசித்தாயா? யோசித்திருக்கமாட்டாய். பேனாவைக் கையில் எடுத்தால் நீ மனிதனாக இருப்பதில்லை, ஆபீஸாகிவிடுகிறாய்.

போன கடிதத்தில் உனக்கு ஒன்றைச் சொல்ல விட்டுப்போயிற்று. அந்தச் சொல்லை இப்போது அதிகம் எழுதுவது, ஒன்றைத் தரவில்லை என்று சொல்வதற்குத்தான். ‘அவன் ஒரு பதிலும் வவுச்சேஃப் செய்யவில்லை’ என்று கதைகளில் வரும். பதில் சொல்லக்கூட மனம் இரங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவனுக்கு வைத்த சொல்லாகிவிட்டது. இரண்டு வருஷமாக நீயும் நானும் அதற்கு உதாரண வாக்கியமாக வாழ்ந்திருக்கிறோம். எனக்குப் போதும்.

இன்று உன் கடிதம் வந்த கையோடு சுகிர்தத்துக்கு எழுதிவிட்டேன். என் கார்டைக் கிழித்துப் போடு, உடனே புறப்பட்டு வா என்று எழுதினேன். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தானே. ஆனால் தபாலில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் யோசித்தேன். பிறந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? நானும், சுவரில் அவள் அம்மா படமும்தான். சுகிர்தத்தைப் பெற்றபோது அவள் பட்ட பாட்டை நீ பார்த்திருக்கிறாய், ராத்திரி முழுக்க என்னோடு ஆஸ்பத்திரி வாசலில் இருந்தவன் நீதான். மகளுக்கும் அப்படி ஆகிவிடக்கூடாதே என்று இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, குத்தாலிங்கம்.

ஏசுதாசன்


குற்றாலம்
1-7-1959

அன்புள்ள ஏசுதாசனுக்கு,

பத்து நாளாக உனக்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். திட்டுகிறதென்றால் என்னைவிட நீ நன்றாகத் திட்டுகிறாய்.

நான் என்ன செய்யட்டும்? ‘மகனே, வா’ என்று எழுத எனக்கு வரவில்லை. ‘நேரில் ஆஜராகி’ என்றால் வா என்றுதான் அர்த்தம். ‘விவரம் போதாது’ என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? குழந்தை வரப்போகிறது என்று எழுதியவன் இது எத்தனையாவது மாதம் என்று எழுதவில்லை. வாந்தி நின்றதா, ராத்திரி தூங்குகிறாளா, யார் சமைத்துப் போடுகிறார்கள், தண்ணீருக்கு மாடி ஏறி இறங்குகிறாளா, ஒன்றும் இல்லை. விவரமே இல்லாத மனுவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படித் தூங்குவான்? நான் கேட்டதெல்லாம் இதைத்தான். கேட்கிற விதம் எனக்கு அப்படி அமைந்துவிட்டது.

அவனிடமிருந்து பதில் இல்லை. உனக்குச் சுகிர்தம் எழுதினாளா? எழுதியிருந்தால் மறைக்காதே.

சாரல் நன்றாகப் பிடித்துவிட்டது. மலை தெரியவில்லை, பேரருவியில் நேற்று யாரையும் குளிக்க விடவில்லை. சீசனுக்கு மாடியைக் கடையநல்லூர் ஜவுளிக்காரர் குடும்பத்துக்கு விட்டிருக்கிறேன். அந்த வீட்டம்மா ரஹ்மத்துன்னிசா வந்த நாள் முதல் முத்துவடிவுக்கு நேரடியாக என்னோடு பேச்சு கிடையாது. மாடியைப் பார்த்து, ‘அக்கா, கீழ இருக்கவுகட்ட சொல்லுங்க, சோறு வச்சிருக்கு, திங்கச் சொல்லுங்க’ என்கிறாள். அந்த அம்மாள் ஜன்னல் வழியாக, ‘அண்ணாச்சி, சோறு வச்சிருக்காம்’ என்று எனக்குச் சொல்லுகிறார். நேற்று ரசத்தில் உப்பு இல்லை என்று நான் சொன்னேன். அது மாடிக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் ரசம் ஆறிவிட்டது.

ஐந்தருவிக்குப் போன சனிக்கிழமை தனியாகப் போனேன். எண்ணெய் தேய்க்கிற பையன்கள் ‘சாரு வரலியா?’ என்று கேட்டார்கள். அவர்கள் கேட்காத சனிக்கிழமை கிடையாது. என்னத்தைச் சொல்ல, காய்ச்சல் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உனக்கு இரண்டு வருஷமாகக் காய்ச்சல்.

குத்தாலிங்கம்


குற்றாலம்
13-7-1959
அவசரம்

ஏசுதாசா,

இன்று காலை பூஜை முடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், முத்துவடிவைக் காணோம். அடுக்களையில் பெரிய பித்தளைப் பானையையும் காணோம், நல்லெண்ணெய்ச் செம்பையும் காணோம், பிள்ளைபெற்றவளுக்குக் கிண்டுகிற லேகியச் சாமான் கட்டி வைத்திருந்த மூட்டையையும் காணோம். மாடியில் விசாரித்தேன். ‘அக்கா காலேல மொத பஸ்ஸுக்கே தென்காசிக்குப் போயிட்டாக, ஒங்களுக்கு இட்லி மூடி வச்சிருக்காம்’ என்று பதில் வந்தது.

அவளுக்குத் தென்காசியில் உன் வீட்டைத் தவிர வேறு யாரையும் தெரியாது. பையனைப் பெற்றவள், பெண்ணைப் பெற்ற வீட்டில் போய் உட்கார்ந்து பிரசவம் பார்ப்பது எங்கேயாவது நடக்கிற காரியமா? ஊர் என்ன சொல்லும்? அதிலும் நான் மிதிப்பதில்லை என்று சத்தியம் செய்த வாசல். உடனே திருப்பி அனுப்பவும்.

பிள்ளைகள் வந்துவிட்டார்களா? வந்தார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே.

குத்தாலிங்கம்

பி.கு. இட்லி நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிடு.


தென்காசி
14-7-1959

அன்புள்ள குத்தாலிங்கம்,

உன் மனைவியைத் திருப்பி அனுப்புவதற்கில்லை. நீ சொல்லித் தந்த பாஷையில் சொன்னால், மனு தள்ளுபடி.

சனிக்கிழமை ரயிலில் பிள்ளைகள் வந்தார்கள். சுகிர்தத்துக்கு எட்டு மாதம் நடக்கிறது. வாந்தி எப்போதோ நின்றுவிட்டது. கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. மதராஸில் பால்வண்ணம்தான் தண்ணீர் தூக்குவானாம், மாடி ஏற விடமாட்டானாம். கேட்ட விவரம் எல்லாம் எழுதிவிட்டேன், இனி தூங்கு. ஸ்டேஷனில் அவளைப் பார்த்ததும் நான் ஏதேதோ சொல்ல நினைத்திருந்தேன். ‘அப்பா, ஏன் இப்படி இளைச்சிட்டிய?’ என்று அவள் கேட்டுவிட்டாள். பிளாட்பாரம் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

செய்தியை உன் வீட்டுக்கு யார் சொன்னது என்கிறாயா? ஞாயிற்றுக்கிழமை உன் மாடி அம்மாளின் வீட்டுக்காரரைக் கடைத்தெருவில் பார்த்தேன். உனக்குத் தெரியவேண்டாம், முத்துவடிவு அம்மாளுக்குத் தெரியட்டும் என்று நான்தான் சொல்லியனுப்பினேன்.

நேற்றுக் காலை கோயில் மொட்டைக் கோபுரத்துக் காற்று ஆளைத் தள்ளுகிற நேரத்தில், தலையில் பானையும் இடுப்பில் மூட்டையுமாக வந்து நின்றார்கள். நான் பதறிப்போய், ‘வாங்க, வாங்க, என் வீட்டுக்கு...’ என்று ஆரம்பித்தேன். ‘அண்ணாச்சி, நான் ஒங்க வீட்டுக்கா வந்தேன்? எம் மருமவ வீட்டுக்கு வந்திருக்கேன். பிள்ள எங்கன?’ என்றார்கள். நேரே உள்ளே போனார்கள். சுகிர்தம் எழுந்திருக்கப் பார்த்தாள். ‘இரிட்டீ, இரி. ரெண்டு வருசமா நிக்கவச்சது போதாதா?’ என்று பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். பிற்பாடு என்னிடம் வந்து, ‘பஸ் ஸ்டாண்டுல அவுக ஒங்களச் சொன்ன சொல்லுக்கு நான் கையெடுத்துக் கும்பிடுதேன் அண்ணாச்சி’ என்றார்கள். உடனே அடுத்த வாக்கியம், ‘இந்த வீட்டுல இனி மீன் வாங்கப்படாது, சட்டி எல்லாத்தயும் புளி போட்டுத் தேச்சாச்சு’ என்று வந்தது. சரி என்றேன்.

இனி உன் குறிப்பு. அதைப் படித்ததும் பால்வண்ணம் கிழித்தெறியப் போனானாம். சுகிர்தம் பிடுங்கிப் படித்துச் சிரித்திருக்கிறாள். ‘மாமா எத்தன மாசம்னு கேக்காக, இது கூடவா புரியல?’ என்றாளாம். நம் இருவரையும்விட அவளுக்கு மனுஷ பாஷை தெரிந்திருக்கிறது.

ஆனால் பையன் உன் பிள்ளைதானே. குற்றாலம் போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வா என்றேன். ‘நேர்ல வரச்சொல்லி எழுதுனாக. தென்காசி வரைக்கும் வந்துட்டேன் மாமா. மிச்சம் மூணு மைலு. அத அவுக வரட்டும்’ என்கிறான். நான் எவ்வளவோ சொல்லிவிட்டேன். குளிக்கப் போனால்கூட வாய்க்காலுக்குப் போகிறான், அருவிப் பக்கம் திரும்புவதில்லை.

ஏசுதாசன்


குற்றாலம்
22-7-1959

ஏசுதாசா,

எட்டாம் மாதத்தில் கால் வீங்கினால் சும்மா இருக்கக்கூடாது, பெரிய டாக்டரம்மாவிடம் காட்டு. நேற்றுக் கண்டக்டரிடம் இளநீரும் மங்குஸ்தானும் கொடுத்தனுப்பினேன். மங்குஸ்தான் சூடா குளிர்ச்சியா என்று முத்துவடிவிடம் கேட்டுக்கொண்டு கொடு.

மூன்று மைலை நான் வரவேண்டுமாம். வருவேன், எனக்கென்ன காலா இல்லை. சத்தியம் என்று ஒன்று செய்து தொலைத்திருக்கிறேனே. சந்நிதியில் நின்று செய்தது. மனிதன் வாக்கு மாறலாம், சந்நிதியில் சொன்னதை என்ன செய்வது? குருக்களிடம் கேட்டேன். ‘கோவத்துல சொன்னதெல்லாம் சாமி கணக்குல வைக்காது’ என்கிறார். அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார்.

ராத்திரி எல்லாம் அருவிச் சத்தம்தான். மாடியில் அவர்களும் நேற்று ஊருக்குப் போய்விட்டார்கள். ரசம் நானே வைக்கிறேன். வைத்த ரசத்தை நானே குறை சொல்ல முடியவில்லை.

பையன் என்னைப் போலவே பிடிவாதமா?

குத்தாலிங்கம்


தென்காசி
11-8-1959
காலை

குத்தாலிங்கம்,

நேற்று மாலை ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. சுகிர்தம் பிழைத்துவிட்டாள். பிழைத்துவிட்டாள் என்று எழுதுகிறேன், ஏனென்றால் மத்தியானம் முதல் டாக்டரம்மா முகம் சரியாக இல்லை. ரத்தம் நிற்கவில்லை. பால்வண்ணம் ரத்தம் கொடுத்தான். முத்துவடிவு அம்மாள் பிரசவ அறை வாசலில் தரையில் உட்கார்ந்து உங்கள் குற்றாலநாதரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் எங்கள் ஜெபத்தைச் சொன்னேன். அந்தச் சொல் வந்தது. இவ்வளவு நாள் உனக்கு அர்த்தம் சொன்னவனுக்கு நேற்று ஓர் அர்த்தமும் ஞாபகம் வரவில்லை. வெறுமே கேட்டேன். உன் வள்ளித்தாய் நின்ற மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

இப்போது தாயும் பிள்ளையும் தூங்குகிறார்கள். குழந்தைக்கு உன் நெற்றி, பாவம்.

எல்லாம் முடிந்த பிறகு வராந்தாவில் பால்வண்ணம் என் தோளில் சாய்ந்து அழுதான். ‘அப்பா இங்கன இருந்தா நல்லாருக்கும் மாமா’ என்றான். நான் போய்க் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘வேண்டாம், சும்மா சொன்னேன்’ என்றான். அவன் சொன்னதை உனக்கு எழுதிவிட்டேன் என்று அவனுக்குத் தெரியாது. உன்னை வா என்று நான் எழுதப்போவதில்லை. வராமல் போனால் மன்னிக்கவும் மாட்டேன்.

இதை முதல் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஏசுதாசன்


குற்றாலம்
11-8-1959
பஸ் ஸ்டாப்

ஏலே ஏசுதாசா,

கண்டக்டர் கொடுத்தான், படித்தேன், சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ் கிளம்பக் கொஞ்ச நேரம் ஆகுமாம். எதிர்த்த கடையில் ஒரு கார்டு வாங்கி, இடம் போதாமல் இன்னொன்றும் வாங்கி எழுதுகிறேன். இதைத் தபாலில்தான் போடப்போகிறேன். நாளைக்குத்தான் உனக்கு வரும். அப்போது நான் உன் வீட்டில்தான் இருப்பேன். பிறகு எதற்கு எழுதுகிறேன் என்றால், உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு இது வாயில் வராது.

சத்தியத்தைப் பற்றி யோசிக்காதே. அதை நான் சாமியிடம் பார்த்துக்கொள்ளுகிறேன்.

பையன்மேல் இருந்த கோபம் எனக்கு அந்த வருஷ தீபாவளிக்குள்ளேயே தீர்ந்துவிட்டது. அன்றைக்கே எழுதியிருப்பேன். உன்மேல்தான் தீரவில்லை. ஏன் தீரவில்லை என்று இவ்வளவு நாளும் எனக்கே விளங்காமல் இருந்தது. உன் மதமும் இல்லை, சொந்தக்காரர்கள் பேச்சும் இல்லை. நீ தெரிந்து மறைத்தாய் என்று நான் ஒருநாளும் நம்பவில்லை, சும்மா சொன்னேன். வேறு ஒன்று.

ஐம்பது வருஷமாக எனக்கு எது நடந்தாலும் உன்னிடம் வந்துதான் சொல்லுவேன். அப்பா இறந்தபோது, வேலை போகும் என்று இருந்தபோது, முத்துவடிவுக்கு முதல் இரண்டும் தங்காமல் போனபோது, உன்னிடம்தான் வந்து அழுதேன். பெற்ற பிள்ளை ஒரு வார்த்தை சொல்லாமல் என்னை விட்டுப் போய்விட்டானே என்று சொல்லி அழவும் எனக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். அவனோடுதான் சண்டை. அதுதான்லே தாங்கவில்லை. பிள்ளை போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அதைச் சொல்ல நீ இல்லாததைத்தான் தாங்க முடியவில்லை.

டிரைவர் ஏறிவிட்டான். இந்தக் கார்டுகளைப் படித்துவிட்டு என்னிடம் வந்து ஒன்றும் கேட்காதே. நான் ஆஸ்பத்திரியில் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். காப்பி மட்டும் கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்.

குத்தாலிங்கம்